பின்னால் வரும் வேன்

காலை ஐந்தேகாலுக்குக் கள்ளக்குறிச்சியில் மின்சாரம் போனது. மைக்கில் பேசிக்கொண்டிருந்தவரின் குரல் பாதிச் சொல்லில் அறுந்தது. நாலுமுனைச் சந்திப்பில் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். இருட்டில் யாரோ விசில் ஊதினார். ஓட்டம் தொடங்கிவிட்டது என்பது பின்வரிசைக்குத் தெரியச் சற்று நேரம் ஆனது.

பச்சையம்மாள் பின்வரிசையில் நின்றிருந்தாள். ஐம்பத்தெட்டு வயது. சேலையை முழங்கால் வரை ஏற்றிச் செருகியிருந்தாள். உள்ளே கறுப்புப் பேன்ட். மேலே கணவரின் பழைய முழுக்கைச் சட்டை. கரும்பு வெட்டப் போகும்போது தோகை கையைக் கிழிக்காமல் இருக்கப் போடுவது. அதன் மேல் நம்பரை ஊக்கு வைத்துக் குத்தியிருந்தாள்.

நாற்பத்திரண்டு கிலோமீட்டர். கச்சிராயபாளையம் வரை சமதரை. கோமுகி அணையைத் தாண்டினால் மலை. முடிகிற இடம் கல்வராயன் மலை மேல் வெள்ளிமலை. பன்னிரண்டு மணிக்கு முடிவுக் கோட்டின் அலங்கார வளைவைக் கழற்றிவிடுவார்கள். கடைசியாக வருகிறவருக்குப் பின்னால் ஒரு வேன் வரும். முடியாதவர்கள் அதில் ஏறிக்கொள்ளலாம்.

முதல் நூறடியிலேயே தெரிந்துவிட்டது. தொடைகளில் இன்னும் கரும்பு இருந்தது.

புதன்கிழமை மதியம் கணவர் செல்லமுத்து வயலிலிருந்து வந்தார். வாசலிலேயே நின்று சொன்னார்.

“வெட்டு ஆர்டர் வந்துடுச்சி.”

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“எப்போ?”

“நாளைக்கு ஆரம்பிக்கணும். சனிக்கிழமைக்குள்ள ஆலைக்கு லோடு போயாவணும்.”

கரும்பு விவசாயிக்கு ஆலை சொல்வதுதான் நாள். தையில் வரவேண்டிய ஆர்டர் மாசியில் வந்திருக்கிறது. விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. கரும்பு நின்றபடியே காயும்.

“இப்போ இன்னா பண்ற?” என்றார்.

“வெட்றது.”

“ஓட்டம்?”

“ஓட்றது.”

“ஏய், ஞாயித்துக்கெழம ஓட்டம். சனிக்கெழம சாயந்தரம் வரைக்கும் வெட்டு. காலா அது, இன்னா?”

“காலுதான்” என்றாள்.

வெட்டுக்கு வருவதாகச் சொன்னவர்களில் பாதிப் பேர்தான் வந்தார்கள். மீதிப் பேர் வேறு வயலுக்குப் போய்விட்டார்கள். மூன்று நாளும் பச்சையம்மாள் கட்டுக் கட்டினாள். தலையில் தூக்கினாள். லாரியில் சாய்த்த பலகை மேல் ஏறி இறக்கினாள். சனிக்கிழமை மாலை கடைசி லோடு போனபோது பலகையில் அவள் முழங்கால்கள் ஆடின. செல்லமுத்து அதைப் பார்த்தார். அன்றைக்குச் சோறு அவர்தான் வடித்தார். குழைந்துவிட்டது.

நாலு வருஷம் முன்பு அவளுக்குச் சர்க்கரை என்றார்கள். நடக்கச் சொன்னார்கள். விடியலில் கோமுகி வாய்க்கால் கரையில் நடந்தாள். நடப்பது அவளுக்குச் சலித்தது. ஒருநாள் ஓடினாள். அந்த ஒரு மணி நேரம் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. சோறு கேட்கவில்லை. மாடு கத்தினாலும் காதில் விழவில்லை. மறுநாளும் ஓடினாள்.

போன வருஷம் இதே ஓட்டத்தில் மலைப்பாதையில் நாலாவது கொண்டை ஊசி வளைவில் உட்கார்ந்தாள். எழ முடியவில்லை. வேனில் ஏற்றினார்கள். வேனுக்குள் வாந்தி எடுத்தாள். வெள்ளிமலை ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். செல்லமுத்து டி.வி.எஸ். ஐம்பதில் அங்கே போய்ச் சேர்ந்தபோது அவள் கண் மூடிக் கிடந்தாள். அவர் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

இந்த வருஷம் கார்த்திகையில் அவள் மறுபடி பேர் கொடுத்தாள். தெரிந்ததும் அவர் சொன்னார்.

“இந்த வாட்டியும் வேன்ல ஏத்திக்கினு வந்தாங்கன்னா, அதோட வுட்டுடணும். கரையிலயும் ஓடக் கூடாது. சொல்ட்டேன்.”

“சரி.”

“சரின்னுவ. அப்பறம் காலங்காத்தால ஷூவ மாட்டிக்கினு கெளம்பிடுவ.”

பச்சையம்மாள் உள்ளே போனாள். சாமி மாடத்திலிருந்து கற்பூரம் எடுத்து வந்தாள். தரையில் வைத்துப் பற்றவைத்தாள். அவர் எழுந்துகொள்வதற்குள் சொல்லிவிட்டாள்.

“வேன்ல ஏறுனா அதோட நான் ஓடல.”

உள்ளங்கையால் சுடரை அடித்து அணைத்தாள்.

“நான் கற்பூரம் கேட்டனா?” செல்லமுத்துவின் குரல் மாறிப்போயிருந்தது. “ஏதோ ஒரு பேச்சுக்குச் சொன்னா…”

“பேச்சுக்கா சொன்னீங்க?”

அணைத்தது அணைத்ததுதான். கேட்டவரே வேண்டாம் என்றாலும் அது திரும்பாது. இரண்டு பேருக்கும் அது தெரியும். அதன்பிறகு அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

கச்சிராயபாளையம் சாலையில் விடிந்தது. இரண்டு பக்கமும் கரும்பு. வெட்டிய வயல்களில் காய்ந்த தோகையை எரித்த கறுப்பு. பின்வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக அவளைத் தாண்டிப் போனார்கள். அவள் யாரோடும் போட்டி போடவில்லை. மூச்சு வாய்க்கு வராத வேகம் ஒன்று அவளுக்குத் தெரியும். அதில் போனாள். கால்கள் நிற்கலாமா என்று கேட்டன. அவள் பதில் சொல்லவில்லை.

செல்லமுத்து வண்டியில் முன்னே போய்ப் போய் நின்றார். ஓடுகிறவர்களுக்குப் பக்கத்தில் வண்டி வரக் கூடாது என்று போலீஸ்காரர் சொல்லியிருந்தார். அதனால் புளியமரத்தடிகளில் காத்திருந்தார். அவள் வந்ததும் தண்ணீர் கொடுத்தார்.

“எப்டி கீது?”

“கீது.”

“மூஞ்சே செரியில்ல.”

“மூஞ்சி எப்பவும் இப்டித்தான்.”

கச்சிராயபாளையத்துக்குள் நுழையும்போது டீக்கடைகள் திறந்திருந்தன. டவுன் பஸ் ஒன்று வழிவிட்டு நின்றது. கொளஞ்சியம்மாள் குடத்தோடு குழாயடியில் நின்றாள். மூன்று நாளும் கூடக் கரும்பு வெட்டியவள்.

“யக்கா! பஸ்ஸ வுட்டுட்டியா? இன்னா ஓட்டம் ஓட்ற!”

தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் சிரித்தார்கள்.

“இவ ஓட்றா. எனுக்கு நேத்து ராத்திரி கக்கூசுல உக்காந்தா எந்திரிக்க முடியல” என்றாள் கொளஞ்சியம்மாள் அவர்களிடம்.

“சர்தான்டி” என்றாள் பச்சையம்மாள். சிரித்ததில் மூச்சு தப்பியது. கொளஞ்சியம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் பத்துப் பதினைந்து அடி கூடவே ஓடி வந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“யம்மாடி. நீ போ தாயி.”

அணையில் தண்ணீர் குறைந்திருந்தது. கரையோரம் வெயில் பட்டது. வனத்துறைச் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் சாலை நிமிர்ந்தது.

அவள் சின்ன அடி வைத்தாள். பலகையில் கட்டோடு ஏறும்போது வைக்கிற அடி. பார்வையை இரண்டு கஜத்துக்கு மேல் விடவில்லை. முதல் வளைவு. இரண்டாவது வளைவு. குரங்குகள் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து பார்த்தன. மூன்றாவது வளைவில் ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கள்ளக்குறிச்சியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். தொடக்கத்தில் அவளுக்கு முன்னால் நின்று குதித்துக்கொண்டிருந்தவர்.

“பின்னாடி வேன் வருதாம்மா?” என்று கேட்டார்.

“வரும்.”

“வரட்டும். நான் ஏறிக்கிறேன்.” அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

நாலாவது வளைவு வந்தது. போன வருஷம் உட்கார்ந்த கல் அங்கேயே இருந்தது. அதற்கு எதிரில் செல்லமுத்து வண்டியை நிறுத்தியிருந்தார். கையில் தண்ணீர் இல்லை. வெறுமனே நின்றார். அவள் தாண்டும் வரை மூச்சுவிடாமல் நின்றதுபோல் இருந்தது. தாண்டியதும் வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

அதற்குப் பிறகு அவள் கடைசியாகத்தான் போனாள். முன்னால் யாரும் தெரியவில்லை. பின்னால் வெகுதூரத்தில் வேனின் சத்தம் மட்டும் வந்தது. ஏறும், நிற்கும். ஏறும், நிற்கும். யாரையோ ஏற்றிக்கொள்கிறது. மறுபடி ஏறும்.

தொடையில் பிடிப்பு வந்தபோது நின்று குத்தினாள். முஷ்டியால் நாலு குத்து. மறுபடி ஓடினாள். அதை ஓட்டம் என்று வேறு யாரும் சொல்லமாட்டார்கள். இரண்டு காலும் தரையில் இல்லாத நேரம் ஒன்று ஒவ்வொரு அடியிலும் இருந்தது. மிகச் சின்ன நேரம். அது இருக்கிறவரை ஓட்டம்தான்.

மேட்டில் காற்று குளிர்ந்தது. கொட்டாய்கள் தெரிந்தன. மரவள்ளி வயல். இன்னும் மூன்று கிலோமீட்டர் என்று ஒரு அட்டை மரத்தில் கட்டியிருந்தது. அவளிடம் கடிகாரம் இல்லை. வெயிலைப் பார்த்தாள். இன்னும் உச்சிக்கு வரவில்லை. முடியும் என்று அப்போதுதான் முதல்முறையாக நினைத்தாள்.

அப்போது மேளம் கேட்டது.

மேலிருந்து இறங்கி வந்தது. வளைவு திரும்பியதும் பார்த்தாள். சாலை முழுக்க ஆட்கள். மலை ஊர் அம்மன் ஓடைக்குக் குளிக்கப் போகிறது. நாலு பேர் தோளில் சிறிய பல்லக்கு. வேப்பிலை. மஞ்சள் தண்ணீர்க் குடங்களோடு பெண்கள். அம்மன் முகம் மட்டும் வெள்ளியில் தெரிந்தது.

பச்சையம்மாள் ஓரம் ஒதுங்கினாள். சிறுபாலத்தின் கட்டையில் உட்கார்ந்தாள். குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தாள். இரண்டு ஷூவையும் கழற்றி ஓரமாக வைத்தாள். காலுறையையும் உருவினாள். எழுந்து கும்பிட்டாள்.

கை தானாகச் செய்த காரியம். யோசிக்கவில்லை.

பல்லக்கு அவள் முன்னால் நின்றது. பூசாரி நெற்றியில் திருநீறு வைத்தார். நம்பரையும் சட்டையையும் பார்த்தார்.

“எங்கேர்ந்து ஓடியார?”

“கள்ளக்குறிச்சி.”

“கள்ளக்குறிச்சியா!” பூசாரி திரும்பிப் பல்லக்குத் தூக்கியவர்களைப் பார்த்தார். “கேட்டீங்களா? நீங்க ஓடைக்குப் போறதுக்கு மூணு வாட்டி எறக்கணுங்கிறீங்க.”

ஒரு பெண் அவள் பாதத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். குளிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். அந்த ஒரு கணம் நன்றாக இருந்தது.

கூட்டம் இறங்கிப் போனது. அவள் உட்கார்ந்து ஷூவை எடுத்தாள். வலது கால் நுழையவில்லை. நாடாவை முழுக்கத் தளர்த்தினாள். விரல்கள் நுழைந்தன. அதற்கு மேல் போகவில்லை. பாதம் வீங்கிப் பளபளத்தது. இடது காலும் அப்படித்தான். இத்தனை தூரம் வந்த பிறகு ஷூவைக் கழற்றக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். ஓடுகிற எல்லோருக்கும் தெரியும்.

செல்லமுத்து ஊர்வலத்தின் வாலில் நடந்து வந்தார். வண்டியை மேல் வளைவிலேயே விட்டிருந்தார். நெற்றியில் அவருக்கும் திருநீறு.

“இன்னாத்துக்குக் கழட்டுன?”

“அம்மா வருது. போட்டுக்கினே நிக்கச் சொல்றீங்களா?”

“அது செருப்பு இல்ல. ஷூ.”

“அதுவும் கால்லதான கீது.”

அவர் பேச்சை விட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்தார். அவள் பாதத்தைத் தன் தொடை மேல் வைத்தார். ஷூவின் நாக்கை வெளியே இழுத்துக் குதிகாலைத் தள்ளினார். அவள் பல்லைக் கடித்தாள். பெருவிரல் நகம் கறுத்திருந்தது. அதை அவர் அப்போதுதான் பார்த்தார். கையைத் தளர்த்தினார்.

“ஏறாது” என்றார்.

“தெரியுது.”

“என் செருப்பப் போட்டுக்க.”

போட்டுப் பார்த்தாள். ரப்பர் செருப்பு. முன்னாலும் பின்னாலும் இரண்டு விரற்கடை நீண்டது. நாலடி வைத்தாள். பட்டுப் பட்டென்று அடித்தது. கழற்றிக் கொடுத்தாள்.

“வெறுங்கால்ல போறேன்.”

“தார் ரோடு. கல்லு கீது.”

“கரும்புக் கட்டையில நடக்கல?”

“அது நம்ம கொல்லி, நம்ம மண்ணு.”

அவள் கிளம்பிவிட்டாள். முதல் அடிகள் தீயாக இருந்தன. சாலையின் நடுவில் வெள்ளைக் கோடு போட்டிருந்தது. அதில் சூடு குறைவு. வழவழப்பு. கோட்டின் மேலேயே போனாள். செல்லமுத்து ஷூக்களை நாடாவில் முடிந்து தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தார்.

“மணி பாக்கட்டா?” என்றார்.

“வாணாம்.”

“தெரிஞ்சிக்கினா…”

“வாணான்னு சொன்னேன் இல்ல?”

அவர் சட்டைப் பையிலிருந்து செல்லை எடுத்துப் பார்த்தார். மறுபடி உள்ளே வைத்தார். முகத்திலிருந்து அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியக் கூடாது என்று அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஊர்வலம் இறங்கும்வரை கீழே காத்திருந்த வேன் இப்போது வேகமாக வந்தது. அவர்கள் பக்கத்தில் வந்து நின்றது. கதவு இழுபட்டுத் திறந்தது. உள்ளே மூன்று பேர். ஜவுளிக்கடைக்காரர் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். கதவைத் திறந்தவள் மஞ்சள் பனியன் போட்ட பெண். எழில்மதி. ஊர் தியாகதுருகம். ஓட்டத்தை நடத்தும் சங்கத்தில் உதவிக்கு வருகிறவள். போன வருஷம் பச்சையம்மாளின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்ததும் அவள்தான்.

“அம்மா, ஏறிக்கங்க.”

பச்சையம்மாள் ஓட்டத்தை நிறுத்தவில்லை. வேன் ஊர்ந்து கூடவே வந்தது.

“அம்மா, இன்னும் ரெண்டரை கிலோமீட்டர் கீது. ஏத்தம். கால்ல ஷூ கூட இல்ல. போன வருஷம் எப்படி ஆச்சின்னு எனக்குத் தெரியும்.”

“மணி ஆயிடுச்சா?”

“இன்னும் ஆகலம்மா. ஆனா…”

“ஆவலன்னா அப்பறம் இன்னா?”

“ரத்தம் வருதும்மா. பாருங்க.”

பச்சையம்மாள் திரும்பிப் பார்த்தாள். வெள்ளைக் கோட்டில் இடது பாதத்தின் அடையாளம் விட்டுவிட்டுச் சிவப்பாக இருந்தது. அதைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. அவளாக நிறுத்தவில்லை. நின்றபிறகு மறுபடி எடுக்கத் தெரியவில்லை. தொடை இரண்டும் மரம்போல் நின்றன.

“ஏறுங்கம்மா” என்றார் ஜவுளிக்கடைக்காரர். “உள்ள ஏசி போட்டிருக்கு. இதுல இன்னா வெக்கம்?”

வேனின் குளிர்ந்த காற்று அவள் முகத்தில் பட்டது. சீட்டில் ஒரு துண்டு விரித்திருந்தது. ஒரு கை கதவின் கம்பியைப் பிடித்தது. அது தன் கை என்று அவள் பிறகுதான் கண்டாள்.

எழில்மதி செல்லமுத்துவைப் பார்த்தாள்.

“ஐயா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா ஏறிடுவாங்க.”

அது உண்மை. அவர் ஏறு என்றால் ஏறிவிடுவாள். அந்த நேரத்தில் யார் சொல்லியிருந்தாலும் ஏறியிருப்பாள். அவள் அவரைப் பார்த்தாள். கேட்கவில்லை. கெஞ்சவில்லை. சும்மா பார்த்தாள்.

செல்லமுத்துவுக்கு வேண்டியது அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இனி விடியலில் அவர் விழித்துக்கொண்டு படுத்திருக்க வேண்டாம். அவள் கரையிலிருந்து திரும்பும் சத்தத்துக்குக் காது வைத்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக் கட்டிலின் இரும்பு வேண்டாம். ஒரு சொல் போதும்.

அவர் கம்பியிலிருந்து அவள் விரல்களை எடுத்தார். ஒவ்வொன்றாக எடுத்தார். பிறகு வேன் கதவை இழுத்துச் சாத்தினார். சரியாகச் சாத்தவில்லை. மறுபடி இழுத்து அறைந்தார்.

கண்ணாடி இறங்கியது.

“ஐயா, இன்னாய்யா பண்றீங்க?”

“அவங்க ஏறலம்மா.”

“எதாச்சும் ஆச்சின்னா எங்களைத்தான் கேப்பாங்க.”

“நான் கூடவே வர்றேன். நீ முன்னாடி போ.”

“நாங்க முன்னாடி போகக் கூடாதுய்யா. கடைசி ஆளுக்குப் பின்னாடிதான் வரணும்.”

“அப்ப பின்னாடி வா. ரோடு கெவுருமெண்டு ரோடுதான? யாரு எங்க வேணா வரலாம்.”

உள்ளே ஜவுளிக்கடைக்காரர் சிரித்துவிட்டார். எழில்மதிக்கும் உதடு கோணியது. அவள் கீழே குனிந்து எதையோ தேடினாள். ஒரு சுருள் பிளாஸ்திரியை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

“இதையாவது சுத்துங்க. சீக்கிரம்.”

சாலையிலேயே உட்கார்ந்து அவர் சுற்றினார். துண்டால் பாதத்தைத் துடைத்தார். குதிகாலிலிருந்து விரல்வரை குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றினார். கரும்புக் கட்டு முடிவதுபோல இறுக்கி முடிந்தார்.

“இன்னா இம்மாம் இறுக்கம்?” என்றாள்.

“அவுராது.”

“அவுரவாணாம். கால் நீலமாய்டும்.”

கொஞ்சம் தளர்த்தினார். கையைக் கொடுத்து எழுப்பினார். எழுந்தாள். நின்றாள். அப்படியே நின்றாள்.

“எடுக்க மாட்டேங்குது” என்றாள். ஆச்சரியமாகச் சொன்னாள், வேறு யாருடைய காலைப் பற்றியோ சொல்வதுபோல.

செல்லமுத்து யோசித்தார். அவள் இடுப்புக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்தார். ஏற்றத்தில் மாட்டுவண்டியை முட்டுக் கொடுப்பதுபோல வைத்தார்.

“தள்ளக் கூடாதுய்யா!” எழில்மதி கத்தினாள். “தள்ளுனா பேரை எடுத்துடுவாங்க. ரூல்சு.”

அவர் கையை எடுத்துவிட்டார். தீயைத் தொட்டதுபோல எடுத்தார். பிறகு முன்னால் போனார். அவளுக்கு இரண்டடி முன்னால் நின்று திரும்பிப் பார்த்தார்.

“வா” என்றார். “பலகையில ஏறுறோம்னு நெனச்சிக்க. லாரி நிக்கிது. நீதான் கடேசிக் கட்டு.”

“கட்டு எங்க?”

“தலையில கீதுன்னு நெனச்சிக்கயேன்.”

“இப்ப எதுக்கு நான் சுமக்கணும்?” என்றாள் அவள். கோபம் வந்துவிட்டது. “மூணு நாளா சொமந்தது போதாது? வெறுங்கையா ஓட்றனே, அதாச்சும் நிம்மதியா வுடுங்களேன்.”

சொல்லிக்கொண்டே ஓரடி வைத்திருந்தாள். இரண்டாவதும் வைத்திருந்தாள். செல்லமுத்து வழிவிட்டு ஒதுங்கினார்.

அவள் வெள்ளைக் கோட்டுக்குத் திரும்பினாள். பிளாஸ்திரி முதலில் வழுக்கியது. பிறகு பிடித்தது. சின்ன அடிகள். மூச்சு வாய்க்கு வந்துவிட்டது. இனி அதைப் பற்றிக் கவலை இல்லை. பின்னால் வேன் முதல் கியரில் முனகிக்கொண்டு வந்தது. அதற்கு முன்னால் செருப்புச் சத்தம்.

மேல் வளைவு வந்தது. டி.வி.எஸ். ஐம்பது தடுப்புச் சுவரில் சாய்ந்து நின்றது. சாவி செல்லமுத்துவின் பையில் இருந்தது. அவர் வண்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் வளைவில் திரும்பி மறைந்துகொண்டிருந்தாள். அவர் வண்டியைத் தாண்டி ஓடினார். அவருக்கு அறுபத்துநாலு வயது. கடைசியாக ஓடியது எப்போது என்று அவருக்கே நினைவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார். ஷூக்கள் முதுகில் அடித்தன.

சாலை ஒரு இடத்தில் சமமானது. பச்சையம்மாள் அதை முதலில் நம்பவில்லை. அடுத்த அடியும் சமமாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரங்கள். நிழல். ஒலிபெருக்கியில் யாரோ பேர் வாசிக்கிற சத்தம் காற்றில் வந்து வந்து போனது. முதல் பரிசு, இரண்டாம் பரிசு. கைதட்டல்.

வெள்ளிமலை பஸ் நிறுத்தம் தெரிந்தது. அதற்கு அப்பால் பலூன் கட்டிய வளைவு. பாதிப் பலூன்கள் வெயிலில் வெடித்துப் போயிருந்தன. ஒருவர் நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தார். கை வளைவின் கயிற்று முடிச்சில் இருந்தது. அவர் திரும்பினார். சாலையைப் பார்த்தார். சட்டை போட்ட ஒரு பெண். அவளுக்குப் பின்னால் தோளில் ஷூக்களோடு வேட்டி கட்டிய ஒருவர். அவருக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு வேன். ஜன்னலில் மஞ்சள் பனியன் வெளியே சாய்ந்து இரண்டு கையையும் ஆட்டியது.

நாற்காலிக்காரர் முடிச்சிலிருந்து கையை எடுத்தார்.

பச்சையம்மாள் அதைப் பார்த்தாள். அவளுக்குள் எங்கேயோ ஒரு பிடி மிச்சம் இருந்தது. கரும்பு அதைத் தொட்டிருக்கவில்லை. சேலைக் கொசுவத்தை இன்னும் ஒரு சுற்று ஏற்றிச் செருகினாள். அடியை நீட்டிப் போட்டாள். பின்னால் செருப்புச் சத்தம் தாளம் தவறியது. மெல்லத் தூரமானது.

“பச்ச… ஏய், பச்ச… கொஞ்சம் மெள்ள போயேன். நானும் வர்றேன் இல்ல?”